கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்: பௌலிங் லேனைப் புரிந்துகொள்வோம்

(நம் சங்கத்தின் விளையாட்டுக் குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



குடியிருப்புகளுக்கு இடையிலான பௌலிங் போட்டிக்கு விரைவில் அணியைத் தேர்ந்தெடுக்க இருக்கிறோம். அதற்குள் நம் வாட்ஸ்அப் குழுவில் "இவர் 160, அவர் 95தான்" என்று பட்டியல் ஓடுகிறது. "நமக்கு இது சரிவராது, பெயரை எடுத்துவிடுங்கள்" என்று இரண்டு பேர் ஒதுங்கியும் விட்டார்கள். அந்த எண்களை வைத்து யாரையும் எடைபோடும் முன், அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்துவிடலாம்.

ஃபவுல் கோட்டிலிருந்து முதல் பின் வரை லேனின் நீளம் 60 அடி. அகலம் சுமார் மூன்றரை அடி. குறுக்கே 39 பலகைகள். இந்த லேன் மீது ஓர் இயந்திரம் எண்ணெய் பூசுகிறது. மரத் தளம் தேயாமல் இருக்கத் தொடங்கிய பழக்கம் இது. இன்றோ ஆட்டத்தையே அதுதான் தீர்மானிக்கிறது. ஒரு லேனுக்கு ஏறத்தாழ 20 முதல் 30 மில்லி எண்ணெய்தான் செலவாகும். பெரும்பாலும் முதல் 40 அடி வரை பூசுவார்கள். மீதி காய்ந்த தரை. எண்ணெயில் பந்து வழுக்கிக்கொண்டு போகும். காய்ந்த இடத்தில் பிடிமானம் கிடைத்து வளையும்.

எண்ணெய் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்காது. நாம் வழக்கமாக ஆடும் இடங்களில் பூசுவது 'ஹவுஸ் பேட்டர்ன்'. நடுவில் நிறைய, ஓரங்களில் மிகக் குறைவு. வலக்கைக்காரர் சுழற்றி வீசும் பந்து கொஞ்சம் வலப்பக்கம் தவறினால், காய்ந்த ஓரம் அதைப் பிடித்து உள்ளே திருப்பும். இடப்பக்கம் தவறினால், நடுவில் உள்ள எண்ணெய் அதிகம் வளையவிடாமல் தாங்கும். அதாவது, நம் தவறை லேனே திருத்திக் கொடுக்கிறது.

'ஸ்போர்ட் பேட்டர்ன்' அப்படி இல்லை. நடுவுக்கும் ஓரத்துக்கும் எண்ணெயில் பெரிய வித்தியாசம் இருக்காது. இரண்டு மூன்று பலகை தவறினாலே பந்து பாக்கெட்டைத் தொடாமல் போய்விடும். ஹவுஸ் பேட்டர்னில் 160 எடுத்தவர் இங்கே 120க்குத் திணறுவது சாதாரணம். அவருடைய திறமை ஒரே இரவில் குறைந்துவிடவில்லை. லேன் கொடுத்த சலுகை நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

பேட்டர்னின் நீளமும் முக்கியம். ஒரு எளிய கணக்கு உண்டு: நீளத்திலிருந்து 31ஐக் கழியுங்கள். 40 அடி என்றால் 9. வலக்கைக்காரருக்கு, எண்ணெய் முடியும் இடத்தில் பந்து வலமிருந்து 9ஆவது பலகை அருகே இருக்க வேண்டும். 35 அடி என்றால் 4ஆவது பலகை, ஓரத்தை ஒட்டி. 45 என்றால் 14, உள்ளே தள்ளி. இடக்கைக்காரர் இடமிருந்து எண்ணிக்கொள்ளலாம். இது தொடக்கக் கணக்குதான். பந்து போகும் விதத்தைப் பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று: ஆட ஆட எண்ணெய் இடம் மாறும். வளையும் ரெசின் பந்துகள் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். முதல் ஆட்டத்தில் சரியாக விழுந்த வீச்சு மூன்றாவதில் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். அப்போது வலுவைக் கூட்டி வீசாதீர்கள். பந்து இடப்பக்கம் தவறினால் நிற்கும் இடத்தை இடப்பக்கம் நகர்த்துங்கள்; வலப்பக்கம் தவறினால் வலப்பக்கம். தவறிய திசைக்கே கால் போக வேண்டும்.

நேராக வீசும் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு நல்ல செய்தி. அங்கே வாடகைக்குக் கிடைக்கும் பிளாஸ்டிக் பந்து எண்ணெய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிதாக வளையாது. தொழில்முறை வீரர்களில் பலர் ஸ்பேர் எடுக்க அதே மாதிரிப் பந்தைத்தான் கையில் எடுக்கிறார்கள். மீதி நிற்கும் ஒற்றைப் பின்னை நேராக அடித்துச் சாய்ப்பவர், கடினமான பேட்டர்னில் அணிக்கு மிகவும் தேவையானவர்.

ஒரு எச்சரிக்கை. ஃபவுல் கோட்டைத் தாண்டிக் கால் வைக்காதீர்கள். அங்கே எண்ணெய் இருக்கும்; வழுக்கினால் இடுப்பு, மணிக்கட்டு தப்பாது. காலில் ஒட்டிய எண்ணெய் அடுத்து வீச வருபவரையும் விழவைக்கும். பிள்ளைகள் பந்தின் பின்னாலேயே ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதனால் என் வேண்டுகோள் இதுதான். ஒரே ஒரு நாள் ஸ்கோரை வைத்து அணியை முடிவு செய்ய வேண்டாம். போட்டியில் எந்த பேட்டர்ன் என்று அமைப்பாளர்களிடம் முதலில் கேட்போம். பிறகு ஆளுக்கு மூன்று ஆட்டம் கொடுப்போம். ஸ்கோரோடு, எத்தனை ஸ்பேர் எடுத்தார், லேன் மாறியபோது நிற்கும் இடத்தை மாற்றினாரா என்றும் குறித்துக்கொள்வோம். ஒதுங்கிய இருவரும் தயவுசெய்து பெயரைத் திரும்பக் கொடுங்கள். உங்கள் 95இல் எத்தனை ஸ்பேர் என்று இதுவரை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.