கொடையும் கணக்கும்



1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்காக 'தமிழ் எங்கள் உயிர்' நிதியைத் திரட்டினார் 'தமிழ் முரசு' கோ. சாரங்கபாணி. தோட்டத் தொழிலாளர்களும் உழைத்த காசில் கொடுத்தார்கள். கேட்டவர் யாரென்று ஊருக்கே தெரியும், அந்த நம்பிக்கைதான்!

இன்று ஆங் மோ கியோவில் வீட்டிலிருந்தபடியே ஒருவர் இணையம் வழியாக நிதி கேட்கலாம். முகம் அறியாதவரும் உடனே கொடுக்கிறார். நல்ல காரியந்தான். ஆனா, அந்தக் காசு யார் கைக்குப் போச்சுன்னு யார் சொல்றது?

இதற்காகவே சிங்கப்பூரில் 2018 ஜனவரியில் இணைய நிதித் தளங்களுக்கென நடைமுறை நெறி ஒன்று வந்தது. வேண்டுகோள் உண்மைதானா என்று தளம் சரிபார்க்கணும். வெளிநாட்டு அறப்பணிக்குப் பொதுமக்களிடம் திரட்டுவோர் முன்அனுமதி வாங்கணும்.

தனி ஆள் திரட்டும் நிதி இனிப் பெருகும். அதில் ஒருவர் ஏமாற்றினால், அடுத்து உண்மையாகவே கையேந்தும் நோயாளிக்குத்தான் கதவு அடைபடும். ஆகவே மாணவர்களே, பத்து வெள்ளி திரட்டினாலும், கொடுத்தது யார், செலவானது எதுக்குன்னு எழுதி வையுங்க. கொடுத்தவங்க கேட்குமுன்னே காட்டுங்க.