மன்றமும் மக்களும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாம் வகுப்பிற்கு மேல் படித்தறியாத இரயில்வே எழுத்தன் ஒருவனை அரசியற் பொருள் பற்றிப் பேசப் பணித்திருக்கிறீர்கள். புலமையை எதிர்பார்க்க வேண்டா. என் பயணச்சீட்டுச் சாளரத்தில் கண்டதைக் கொண்டே தொடங்குகிறேன்.

முன்பதிவுச் சாளரத்தில் பயணியை நோக்கியும் ஒரு சிறு திரை வைத்திருக்கிறார்கள். நான் பதியும் பெயரும் வயதும் நாளும் அவர் கண்ணெதிரே தோன்றும். அது வந்த புதிதில் எனக்கு மனக்குறைதான்; நம்மை ஐயுறுகின்றனரோ என்று எண்ணினேன். ஒருநாள் ஓர் அம்மையார், "ஐயா, பதினாறாம் தேதி என்றேன்; தாங்கள் பதினேழு போட்டிருக்கிறீர்களே!" என்றார். சீட்டு அச்சாகுமுன் திருத்திக் கொடுத்தேன். அச்சான பின்னர் என்றால் அவருக்குப் பணநட்டம், எனக்கு வசவு. அன்றோடு என் மனக்குறை தீர்ந்தது.

சட்டமன்றத்திற்கும் நாடாளுமன்றத்திற்கும் அத்தகைய திரை வேண்டும் என்பதே என் பேச்சு.

அவையிற் பேசியதை வெளியே அச்சிடுவதே ஒரு காலத்தில் குற்றம். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அச்சகத்தாரை அவையே அழைத்துத் தண்டித்தது. நம் நாட்டிலோ, அவையிற் பேசும் உறுப்பினர்க்குச் சட்டக் காப்பு இருந்தது. அதனை உள்ளவாறே வெளியிட்ட செய்தித்தாளுக்கு இல்லை. இக்குறையை நீக்கத் தனி உறுப்பினர் மசோதா கொணர்ந்தவர் பெரோஸ் காந்தி. 1956-இல் அது சட்டமாயிற்று. வானொலிக்கும் அக்காப்புக் கிட்டியது. நம் சுரங்கங்களை மைசூர் அரசு ஏற்றதும் அதே ஆண்டில்தான். பின்னர் நெருக்கடி நிலையின்போது, அவருடைய துணைவியாரின் ஆட்சியிலேயே அச்சட்டம் நீக்கப்பட்டது. வரலாறு இப்படியும் விளையாடுகிறது! 1977-இல் ஆட்சி மாறிய பின்னரே மீண்டும் உயிர் பெற்றது.

தொலைக்காட்சி வந்த கதை நீண்டதன்று. 1989 டிசம்பரில் குடியரசுத் தலைவர் உரை நேரடியாக ஒளிபரப்பாயிற்று. 1991 டிசம்பரில் கேள்வி நேரம். 2006-இல் மக்களவைக்கெனத் தனி அலைவரிசை. 2021-இல் இரு அவைகளுக்கும் பொதுவாகச் சன்சத் தொலைக்காட்சி. தமிழ்நாட்டுச் சட்டமன்றக் கேள்வி நேரம் 2022 ஜனவரியில்தான் நேரலைக்கு வந்தது.

நாம் வாழும் கர்நாடகத்தைப் பாருங்கள். 2012 பிப்ரவரியில் சட்டமன்றத்தினுள் கைபேசியில் தகாத படம் பார்த்த காட்சியைத் தனியார் தொலைக்காட்சிக் கேமரா பிடித்துவிட்டது. மறுநாளே மூன்று அமைச்சர்கள் பதவி துறந்தனர். 2019 அக்டோபரில் தனியார் கேமராக்கள் அவையினுள் நுழையலாகாது என்று தடை பிறந்தது. அரசுத் தொலைக்காட்சி எடுத்துத் தரும் படத்தையே ஏனையோர் காட்ட வேண்டும் என்றனர். நாடாளுமன்ற முறையும் இதுவே என்று காரணமும் சொன்னார்கள். நாடாளுமன்றத்திலோ, அமளி எழுந்தால் படம் அவைத்தலைவரின் முகத்திற்குத் திரும்பிவிடுகிறது. பதினேழு என்று நான் பதிந்த பிழை மட்டும் தெரியாதபடி பயணியின் திரையைத் திருப்பி வைத்தால் அந்த அம்மையார் எதனைக் கண்டு திருத்துவார்?

கேமராவைக் கண்டாலே உறுப்பினர் கூச்சலிடுகின்றனர், நாடகமாடுகின்றனர் என்று கூறுவோர் உளர். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. கூச்சலிட்டவர் இன்னார் என்று அவர் தொகுதி அறிய வேண்டாமா?

2001 பிப்ரவரி இறுதியோடு நம் சுரங்கம் மூடப்பட்டபோது எனக்கு இருபது வயதிருக்கும். நிலத்தடியில் முப்பதாண்டு உழைத்த என் தந்தையார் அன்றிரவு உண்ணவில்லை. தில்லியில் நமக்காகப் பேசியவர் யார், வாளாவிருந்தவர் யார் என்று எங்கள் லைனில் ஒருவருக்கும் தெரியாது. அவர் கண் மூடும்வரை அதனைக் கேட்டுக்கொண்டிருந்தார், என்னிடம் விடையில்லை. 2024 ஜூனில், இங்குள்ள 13 சயனைடு மண்மேடுகளை ஏலம்விட மாநில அமைச்சரவை இசைவளித்தது. அம்மேடுகளின் தூசியை மூன்று தலைமுறையாகச் சுவாசித்தவர்கள் நாம். ஆயினும் மாரிக்குப்பம் வண்டியில் அடிபடும் வதந்தியே இன்றும் நமக்குச் செய்தித்தாள்!

விடியலில் அவ்வண்டியேறிப் பெங்களூர் சென்று இரவில் திரும்பும் மக்கள் பகல் நேரத்து நேரலையை எங்ஙனம் காண்பர்? ஆனால் நாடாளுமன்ற நிகழ்ச்சிகள் இணையத்தில் பதிவாகவும் கிடைக்கின்றன. ஆகவே சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். கூட்டத்தொடர் நடைபெறும் வாரங்களில், ஞாயிறு மாலை நம் படிப்பகத் தொலைக்காட்சியில் தங்கவயல் தொடர்பான கேள்வியையும் விடையையும் போட்டுக் காட்டுங்கள். பெங்களூர் அவையின் பதிவு கிடைத்தால் அதனையும் காட்டலாம். கன்னடத்தில் நடக்கும் பேச்சைப் பள்ளியிற் கன்னடம் பயிலும் நம் பிள்ளைகள் பாட்டிமார்க்குத் தமிழில் எடுத்துரைக்கட்டும். முதல் ஞாயிறன்று நாற்காலி போட நான் வந்துவிடுகிறேன். அன்று எனக்கு இரவுப் பணிதான்.