கிறவுணைக் கழற்றும் லேசர் ஒளி
(நூற்றாண்டு நிகழ்வில் ஆற்றிய சுகாதார உரை)



பற்களைப் பற்றிப் பேசும்படி கேட்டுக்கொண்டீர்கள். பல் துலக்குவது பற்றியும் பற்சூத்தை பற்றியும் இங்குள்ள பிள்ளைகளுக்கு ஆசிரியைகளே நன்றாகச் சொல்லித் தருகிறார்கள். நான் எடுத்துக்கொண்டது நாற்பது, ஐம்பது வயதைத் தாண்டிய எங்களுக்கு உரிய விஷயம். ஏற்கெனவே ஒட்டிய கிறவுணை, பல்லுக்குச் சேதமில்லாமல் கழற்றுவது எப்படி?

கிறவுண் போட்டால் அந்தப் பல்லின் கதை முடிந்தது என்றே பலரும் நினைக்கிறோம். அப்படி இல்லை. சில வருடங்களில் கிறவுணின் ஓரத்தால் கிருமிகள் புகுந்து உள்ளே சூத்தை வரலாம். பல்லுக்கு வேர்ச்சிகிச்சை தேவைப்படலாம். கிறவுண் வெடிக்கலாம். சில வேளைகளில் புதிதாக ஒட்டிய கிறவுணே சரியாகப் பொருந்தாமல் போகலாம். அப்போது அதைக் கழற்றத்தான் வேண்டும்.

வழக்கமான முறை, வைரத்தூள் பதித்த துளைகருவியால் கிறவுணை வெட்டி, நெம்பிப் பிரிப்பது. இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. இன்றைய கிறவுண்கள் பல்லின் நிறத்திலேயே வருகின்றன. ஒட்டும் ரெசின் சீமெந்தும் அதே நிறந்தான். கிறவுண் எங்கே முடிகிறது, பல் எங்கே தொடங்குகிறது என்று வெட்டுபவரின் கண்ணுக்கு எளிதில் தெரியாது. கை சற்றுத் தவறினாலும் பல் வெட்டுப்படும்.

அந்தச் சிறிய வெட்டு ஏன் பெரிய விஷயம்? 2002 இல் வெளியான ஓர் அளவீட்டின்படி, முழுக் கிறவுண் போடுவதற்குப் பல்லைச் சீவும்போது முரசுக்கு மேலே உள்ள பகுதியின் நிறையில் 63 முதல் 72 சதவீதம் வரை போய்விடுகிறது. எஞ்சுவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. போன மிளிரி திரும்ப வளராது. கிறவுணைக் காசு கொடுத்து மீண்டும் செய்விக்கலாம். எஞ்சிய பல்லைச் செய்விக்க முடியாது.

இந்த இடத்தில்தான் லேசர் உதவிக்கு வருகிறது. லேசருக்கான கொள்கையை 1917 இல் ஐன்ஸ்டைன் தந்தார். 1960 இல் தியடோர் மைமன் செயற்கை மாணிக்கப் பளிங்கைக் கொண்டு முதல் லேசரை இயக்கினார். பல் வைத்தியத்தில் இந்த வேலைக்குப் பயன்படுவது ஏர்பியம் லேசர். அதில் ஒரு வகையின் அலைநீளம் 2940 நானோமீற்றர். கண்ணுக்குத் தெரியாத இந்தச் செந்நிறக் கீழ்க் கதிரை நீர் மிக நன்றாக உறிஞ்சிக்கொள்ளும்.

பீங்கான் வகைக் கிறவுணில் நீர் கிடையாது. ஆகவே ஒளியின் ஒரு பகுதி அதனூடாகச் சென்று உள்ளே இருக்கும் சீமெந்தை அடைகிறது. சீமெந்தில் சிறிதளவு நீரும் ரெசினின் மிச்சமும் உண்டு. அவை ஒளியை உறிஞ்சி ஒரு கணத்தில் ஆவியாகி வெடிக்கின்றன. சூடான மணலில் நெல் பொரிவதும் உள்ளிருக்கும் ஈரத்தால்தானே, அதுபோலத்தான். பிடிப்பு விட்டுப்போக, சில நிமிடங்களில் கிறவுண் பெரும்பாலும் உடையாமலே கழன்று வருகிறது. நல்ல நிலையில் இருந்தால் அதையே திரும்ப ஒட்டவும் முடியும். முன்பற்களில் ஒட்டும் மெல்லிய வெனியர்கள் இன்னும் விரைவாகக் கழலும்.

ஆனால் இது எல்லாவற்றுக்கும் பொருந்தும் மருந்தல்ல. உலோகக் கிறவுணுக்குள்ளும், உள்ளே உலோகம் வைத்த பீங்கான் கிறவுணுக்குள்ளும் ஒளி செல்லாது. அவற்றுக்குப் பழைய முறைதான். சேர்க்கோனியா கிறவுண் தடிப்பாக இருந்தால் கூடுதல் நேரம் எடுக்கும். பல்லின் நிறத்திலான கொம்பொசிற் அடைப்பை இதே லேசரால் படிப்படியாக அகற்றலாம். வெள்ளி நிற அமல்கம் அடைப்பில் லேசர் பிடிக்கக் கூடாது. சூட்டில் பாதரச ஆவி வெளிவரும்.

இன்னொரு கவனம் வெப்பம். பல்லின் நடுவே நரம்பும் இரத்தக் குழாய்களும் கொண்ட மச்சை இருக்கிறது. 1965 இல் குரங்குகளின் பற்களில் செய்த ஆய்வில், மச்சையின் வெப்பநிலை 5.5 பாகை செல்சியஸ் உயர்ந்தபோது 15 சதவீதமானவை மீளவில்லை. அதனால் லேசரைத் தொடர்ந்து அசைத்தபடி, நீரைத் தெளித்துக்கொண்டே இந்த வேலையைச் செய்ய வேண்டும். வைத்தியர், உதவியாளர், நோயாளி மூவரும் அந்த அலைநீளத்துக்கு உரிய கண்ணாடி அணிய வேண்டும். கருவி விலை கூடியது. எல்லாச் சிகிச்சை நிலையங்களிலும் கிடையாது. பயிற்சி பெற்றவரே அதைக் கையாள வேண்டும்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இதுதான். கிறவுண் போடும் நாளில் நான்கு கேள்விகள் கேளுங்கள். இந்தப் பல்லுக்கு முழுக் கிறவுண் கட்டாயம் வேண்டுமா, சிறிய அடைப்பு போதாதா? கிறவுண் எதனால் செய்தது? எந்தச் சீமெந்தால் ஒட்டுகிறீர்கள்? பின்னர் கழற்ற வேண்டி வந்தால் என்ன வழி? பதில்களைத் திகதியுடன் ஒரு கொப்பியில் எழுதி, எக்ஸ்ரே படத்தோடு சேர்த்து வையுங்கள். பத்து வருடம் கழித்து வேறொரு வைத்தியர் முன் வாயைத் திறக்கும்போது, லேசரா துளைகருவியா என்று அவர் தீர்மானிக்க அந்தக் குறிப்பு உதவும்.

வைத்தியரிடம் கேள்வி கேட்டால் மரியாதைக் குறைவு என்று எங்கள் அம்மாமார் நினைத்தார்கள். நாங்கள் அப்படி நினைக்க வேண்டியதில்லை. விளங்காததை எழுந்து நின்று கேட்கும்படி இந்தப் பாடசாலை எங்களைப் பழக்கியிருக்கிறது. அந்தப் பழக்கத்தைப் பல் வைத்தியரின் கதிரையிலும் கைவிடாதீர்கள்.