குமிழி எண்ணினால் போதாது: செடித் தொட்டியும் கரியமில வாயுவும்

(செடி வளர்க்கும் மீன் தொட்டிகள் பற்றிய இந்த அத்தியாயம் நெம்மேலியில் பதிவானது. பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே வைத்து, வாசிப்புக்காகச் சற்றே திருத்தியிருக்கிறோம்.)

நெம்மேலியிலிருந்து பேசுறேன். பின்னணியில இரைச்சல் கேட்டா அது அலைச்சத்தம், மைக்ல கோளாறுன்னு நினைச்சுடாதீங்க.

நிறைய பேர் கேக்குற கேள்வி ஒண்ணு. "சிலிண்டர் வாங்கிட்டேன், நொடிக்கு ரெண்டு குமிழி விடுறேன், ஆனா செடி வளரலை. ஏன்?" பதில் சுருக்கமா இதுதான்: குமிழியா வெளியே போற வாயு செடிக்கு உதவாது. தண்ணியில கரைஞ்ச வாயுதான் உதவும். கரைஞ்சது எவ்வளவுன்னு தெரிஞ்சுக்கிறதுல நான் ஒரு பெரிய தப்பு பண்ணினேன். அதையும் மறைக்காம சொல்லிடுறேன்.

முதல்ல அடிப்படை. செடியோட உலர்ந்த எடையில நாற்பது சதவீதத்துக்கு மேல கரிதான். நிலத்துச் செடிக்கு அது காத்துல கிடைக்குது. தண்ணிக்குள்ள வாயு நகர்ற வேகம், காத்துல நகர்ற வேகத்துல ஏறக்குறைய பத்தாயிரத்துல ஒரு பங்கு. போதாக்குறைக்கு, காத்தோட சமநிலையில இருக்கிற தண்ணியில லிட்டருக்கு அரை மில்லிகிராம் சொச்சம்தான் கரியமில வாயு இருக்கும். மீனும் நுண்ணுயிரும் மூச்சு விடுறதால நம்ம தொட்டியில அது ரெண்டு, மூணு ஆகும். நாம எதிர்பாக்குறது 20லிருந்து 30 மில்லிகிராம். பி.பி.எம்னு சொல்றதும் இதைத்தான்.

எல்லா செடிக்கும் இது வேணுமா? இல்லை. நம்ம ஏரி குளத்துல கிடைக்கிற வேலம்பாசி, அப்புறம் வாலிஸ்நேரியா, இதெல்லாம் தண்ணியில இருக்கிற பைகார்பனேட்டையே உடைச்சு கரியை எடுத்துக்கும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் ரெண்டும் மெதுவா வளர்றவை, கொஞ்சம் போதும். சிவப்பு ரொட்டாலாவும் தரையில புல்லு மாதிரி படர்ற செடிகளும்தான் வாயு இல்லாம திணறும். சென்னை கொளத்தூர் மீன் சந்தையில அதைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிட்டு வந்து, மூணே வாரத்துல கரைய விட்டவங்க நம்மள்ல எத்தனை பேர்!

இப்ப என் கதை. நாலு வருஷம் முன்னாடி நூறு லிட்டர் தொட்டி வெச்சேன். கிணத்துத் தண்ணி உப்பும் கடினமுமா இருந்ததால, வீட்டு ஆர்.ஓ தண்ணியோட கலந்து, கே.எச் 4க்குக் கொண்டு வந்தேன். கே.எச்னா கார்பனேட் கடினத்தன்மை. அமிலத்தைத் தாங்குற தண்ணியோட சக்தின்னு வெச்சுக்கங்க. கரியமில வாயு கரைஞ்சா தண்ணி லேசா அமிலமாகும், பி.எச் இறங்கும். அதனால பி.எச்சும் கே.எச்சும் தெரிஞ்சா வாயு எவ்வளவுன்னு கணக்குப் போடலாம். பி.எச் 7ல இருந்தா, கே.எச்சை மூணால பெருக்குங்க. கே.எச் 4னா 12. பி.எச் 6.6க்கு இறங்கினா அதை இன்னும் ரெண்டரையால பெருக்கணும், 30. அருமையான இலக்கு. ஒரு தாள்ல "6.6"னு எழுதி தொட்டி மேலயே ஒட்டினேன்.

தரைக்கு என்ன போட்டேன் தெரியுமா? பக்கத்துல ஒரு வீட்டுவேலைக்குக் கொட்டியிருந்த கடல் மணல். நல்லாக் கழுவி, வெயில்ல காய வெச்சு, பெருமையா போட்டேன். பொடிப்பொடியா வெள்ளையா மின்னுச்சு. அந்த வெள்ளை எல்லாம் கிளிஞ்சல்.

கிளிஞ்சல்னா கால்சியம் கார்பனேட். சாதாரணத் தண்ணியில அது மெதுவாத்தான் கரையும். கரியமில வாயு கலந்த தண்ணி லேசான அமிலம், அதுல நல்லா கரையும். கரையக் கரைய வாயுவையும் இழுத்துக்கிட்டு பைகார்பனேட்டா மாறும், கே.எச் ஏறும், பி.எச்சும் மேல போகும். நான் என்ன பண்ணேன்? "பி.எச் 6.8 ஆயிடுச்சே, வாயு பத்தலை போல"ன்னு நீடில் வால்வைத் திறந்து 6.6க்கு இறக்கினேன். அடுத்த வாரம் மறுபடி திறந்தேன். தாள்ல எழுதின எண் அப்படியே இருந்தது. கே.எச்சை மட்டும் திரும்ப அளக்கவே இல்லை.

அஞ்சாவது வாரம் ஒரு மத்தியானம். மீனெல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. பதினெட்டு நியான் டெட்ரால ஏழு போயிடுச்சு. அன்னைக்கு அளந்தா கே.எச் 10. பி.எச் 6.6. கணக்குப் போட்டுப் பாருங்க: 75 மில்லிகிராம்! தண்ணியில ஆக்ஸிஜன் இருந்தும், ரத்தத்துல இருக்கிற கரியமில வாயுவை வெளியே தள்ள முடியாம அதுங்க திணறியிருக்கு. செடி மட்டும் நல்லாத்தான் இருந்துச்சு. அதுதான் ரொம்ப வலிச்சுது.

இதுல ஒரு வேடிக்கை பாருங்க. என் தொட்டியில தெரியாம நடந்த அதே வேதியியலை, கடல்நீரைக் குடிநீராக்குற நிலையங்கள்ல தெரிஞ்சே செய்வாங்க. இங்க நெம்மேலியில சென்னைக் குடிநீர் வாரியத்தோட நிலையம் இருக்கு. 2013ல தொடங்கினது நாளைக்குப் பத்து கோடி லிட்டர். 2024ல இன்னொண்ணு, பதினஞ்சு கோடி லிட்டர். தென்சென்னைக்குத் தண்ணி போகுது. சவ்வூடு பரவல்ல வடிச்ச தண்ணி தாது இல்லாம, குழாயை அரிக்கிற மாதிரி இருக்கும். அதனால உலகத்துல இந்த மாதிரி நிலையங்கள்ல பொதுவா, சுண்ணாம்புக் கல்லோ சுண்ணாம்புத் தூளோ சேத்து, கரியமில வாயுவையும் விட்டு, கொஞ்சம் கடினத்தன்மையைத் திரும்பக் கொடுப்பாங்க. அவங்க அளந்து கொடுப்பாங்க. நான் அளக்காம கொடுத்துட்டேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால முதல் பாடம்: மணலோ கல்லோ எதுவானாலும் ஒரு துளி வினிகர் விட்டுப் பாருங்க. நுரை வந்தா சுண்ணாம்பு இருக்கு, செடித் தொட்டிக்கு வேண்டாம். கடற்கரையில மணல் அள்ளுறதும் வேண்டாம்.

ரெண்டாவது பாடம்: டிராப் செக்கர் வாங்குங்க. சின்னக் கண்ணாடிக் குப்பி. உள்ள கே.எச் 4 உள்ள தனித் தண்ணியும், நிறம் மாறுற மருந்தும் இருக்கும். தொட்டித் தண்ணி உள்ள போகாது, வாயு மட்டும் நடுவுல இருக்கிற காத்து வழியா போகும். நீலம்னா பத்தலை. பச்சைன்னா 30க்குப் பக்கம். மஞ்சள்னா ஆபத்து. தொட்டியோட கே.எச் எப்படி மாறினாலும் இது ஏமாறாது, ஏன்னா குப்பிக்குள்ள இருக்கிற தண்ணி மாறாது. ஒரே குறை, நிறம் மாற ரெண்டு மணி நேரம் ஆகும். அதனால வால்வைத் திருப்பிட்டு உடனே பாக்காதீங்க.

வாயு எங்கிருந்து? சர்க்கரையும் ஈஸ்டும் மலிவு. நூறு கிராம் சர்க்கரை முழுசா நொதிச்சா ஐம்பது கிராம் வாயு. ஆனா நம்ம சூட்டுல முதல் ரெண்டு நாள் பொங்கித் தீரும், அப்புறம் தூங்கிடும். வாயு ஏறி இறங்கினா பிரஷ் மாதிரி கறுப்புப் பாசி வரும். ஆப்பசோடாவும் சிட்ரிக் அமிலமும் கலக்குற கிட் அதைவிட நிதானம். நிலையா வேணும்னா சிலிண்டர்தான். அதோட சோலனாய்டு வால்வும் டைமரும் கட்டாயம். விளக்கு போடுறதுக்கு ஒண்ணு ரெண்டு மணி நேரம் முன்னாடி வாயு திறக்கணும், அணைக்கிறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி மூடணும். ராத்திரி செடிக்கு வாயு வேண்டாம், அதுவும் மூச்சுதான் விடும். கரண்ட் போனா மூடிக்கிற வால்வா பாத்து வாங்குங்க. ஃபில்டர் நின்னு, வாயு மட்டும் ஓடினா, விடியறதுக்குள்ள கதை முடிஞ்சிடும்.

கோடையில கவனம். சிலிண்டருக்குள்ள இருக்கிறது திரவம். 31 டிகிரியைத் தாண்டினா அது திரவமா நிக்காது, அழுத்தம் சடசடன்னு ஏறும். வெயில் படுற இடம், மூடின அலமாரி ரெண்டும் வேண்டாம். எப்பவும் நிமிர்த்தியே வைங்க. ரெண்டு கிலோ சிலிண்டர் கசிஞ்சா ஆயிரம் லிட்டருக்கு மேல வாயு. ஜன்னல் இல்லாத படுக்கையறையில வைக்கவே வேண்டாம். இன்னொண்ணு: தண்ணி சூடானா ஆக்ஸிஜன் குறைவாத்தான் கரையும். 25 டிகிரியில எட்டு மில்லிகிராம் சொச்சம், 30ல ஏழரை. அதனால மே மாசத்துல 30ஐ விரட்டாதீங்க, 20 போதும். அதுக்கேத்த மாதிரி விளக்கையும் குறைங்க.

வாயுவைக் காப்பாத்துறோம்னு தண்ணி மேற்பரப்பை அசையாம வைக்காதீங்க. லேசான அலை இருக்கணும். டிஃப்யூசரைக் கீழே வெச்சு, அந்தப் பொடிக் குமிழியை ஃபில்டர் ஓட்டம் தொட்டி முழுக்கக் கொண்டு போற மாதிரி அமைங்க. அப்ப பாதி வாயுவுலயே வேலை முடியும்.

மீன் மேல வந்து திணறினா யோசிக்காதீங்க. வாயுவை மூடு, காத்துக் கல்லைப் போடு, மூணுல ஒரு பங்கு தண்ணி மாத்து. இந்த வரிசை மனசுல இருக்கட்டும்.

இன்னைக்கும் என் தொட்டி மேல ஒரு தாள் ஒட்டியிருக்கு. பழைய எண்ணை அடிச்சுட்டு, "கே.எச் அளந்தாச்சா?"ன்னு எழுதியிருக்கேன். மீதி இருந்த பதினொண்ணுல சிலது இன்னும் நீந்துது. காலையில வாயு திறந்ததும் அதுங்களைத்தான் முதல்ல பாப்பேன், அப்புறம்தான் குப்பி நிறம்.

அடுத்த அத்தியாயத்துல உரம் பத்திப் பேசுவோம்.