ஊசியும் பள்ளிப் பிள்ளையும்

(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

கல்வியும் கைவேலையும் என்னும் பொருளில் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். பரந்த பொருள். அதனை ஒரு சாண் அளவுக்குச் சுருக்கிக்கொண்டு, குழந்தைகளோடு அமர்ந்து ஃபெல்ட் துணியில் ஒரு யானைப் பொம்மை தைப்பதைப் பற்றி மட்டும் பேச விரும்புகின்றேன். வெள்ளி விழா மேடையில் பொம்மைப் பேச்சா என்று சிலர் நகைக்கக்கூடும். ஆனால், நம் ஊர்களில் ஊசி என்பது சிறிய பொருளன்று.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள், 2019இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபோது வெவ்வேறு மாவட்டங்களுக்குச் சென்றுவிட்டன. தொழில் மட்டும் பிரியவில்லை. தோல் ஷாப்பிலும் ஷூ கம்பெனியிலும் உழைத்துக் களைத்தோர் நம் குடும்பங்களில் ஏராளம். ஷூவின் மேற்பகுதியாகிய அப்பரை வீட்டிற்குக் கொண்டுவந்து, திண்ணையில் அமர்ந்து கையால் தைத்து, ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி பெறும் தாய்மார்கள் இவ்வவையிலேயே அமர்ந்திருக்கின்றீர்கள்.

ஆகவே, என் பள்ளியில் ஐந்தாம் வகுப்பிற்குத் தையல் வேலை தொடங்கியபோது ஒரு தந்தையார் வந்து, "ஐயா, நாங்கள் தைத்தது போதாதா? என் பிள்ளைக்குமா ஊசி?" என்று கேட்டதில் வியப்பொன்றும் இல்லை. அது நியாயமான கேள்வி. அதற்குப் பின்னால் ஒரு வரலாறே இருக்கின்றது. 1953இல் இராஜாஜி அவர்களின் அரசு, கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் பாதிநேரம் படித்து, மீதிநேரம் பெற்றோரின் தொழிலைக் கற்கவேண்டும் என்று ஒரு திட்டம் கொணர்ந்தது. குலக்கல்வி என்று நாடே எதிர்த்தது. காமராசர் முதலமைச்சரான பின், 1954இல் அது கைவிடப்பட்டது. அத்திட்டம் நிலைத்திருந்தால் நம்மில் எத்தனை பேர் இந்த மேடைக்கு வந்திருப்போம்?

அத்தந்தையாரை வகுப்பில் அமரவைத்தேன். அவர் கண்டதையே உங்களுக்கும் கூறுகின்றேன்.

முதலில் பழைய செய்தித்தாளில் பிள்ளைகளே யானை வரைகின்றார்கள். ஒருவன் யானைக்கு வயிறு பெரிது, ஒருத்தியின் யானைக்குத் துதிக்கை தரையைத் தொடுகின்றது. நான் திருத்துவதில்லை. காகிதத்தை வெட்டி, இரண்டாக மடித்த ஃபெல்ட்டின்மேல் வைத்துச் சாக்குக்கட்டியால் கோடிட்டு வெட்டினால் இரண்டு பக்கங்களும் கிடைத்துவிடும். ஃபெல்ட் நெய்த துணியன்று. கம்பளி இழைகளைச் சூடும் ஈரமும் அழுத்தமும் கொண்டு ஒன்றோடொன்று பிணையச் செய்து தகடாக்கியது. இன்று கடைகளில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் பாலியெஸ்டர் இழையால் ஆனது. பாவும் ஊடும் இல்லாமையால் வெட்டிய விளிம்பில் நூல் பிரிவதில்லை. மடித்துத் தைக்க வேண்டுவதும் இல்லை. "ஐயா, தோல் மாதிரியே இருக்கிறது" என்று பிள்ளைகளே கண்டுகொண்டார்கள். (அப்படியாயின் தோல் துண்டுகளையே பயன்படுத்தலாமே என்று என் நண்பரொருவர் கூறினார். குரோமியம் உப்பிட்டுப் பதனிட்ட தோல், பிள்ளையின் ஊசிக்குக் கடினம். அதனை வகுப்பறைக்குள் கொணர எனக்கு மனமும் இல்லை.)

கண்ணை முதலில், பக்கங்களை இணைப்பதற்கு முன்னரே, கறுப்பு நூலால் தைத்துவிட வேண்டும். பொத்தான் வேண்டா, வீட்டில் கைக்குழந்தை இருந்தால் பிய்த்து விழுங்கிவிடும். பிறகு இரு பக்கங்களையும் சேர்த்துப் பிடித்து, விளிம்பைச் சுற்றிக் காஜாத் தையல் போலத் தைக்கவேண்டும்: ஊசியை இழுக்கும்போது நூலை ஊசிமுனைக்கு அடியில் விட்டு இழுத்தால் விளிம்பில் ஒரு கண்ணி விழும். தையலுக்குத் தையல் ஏறக்குறைய ஒரு நெல்லின் நீளம். வயிற்றுப் பக்கத்தில் இரண்டு விரல் நுழையும் அளவு இடம் விட்டு, இலவம் பஞ்சைச் சிறிது சிறிதாகத் திணிக்கவேண்டும். துதிக்கைக்கும் கால்களுக்கும் முதலில். பென்சிலின் பின்புறத்தால் தள்ளினால் முனைவரை செல்லும். பின்பு மூடித் தைத்து, இரு காதுகளையும் வைத்துத் தைத்தால் யானை நின்றுவிடும். நிற்காத யானைகளும் உண்டு. அவை படுத்திருக்கும் யானைகள் என்று பிள்ளைகள் தீர்ப்பளித்துவிட்டார்கள்.

இடையில் கணக்குப் பாடமும் நடந்தது. யானையைச் சுற்றி ஒரு கயிற்றை வைத்து அளந்தபோது 48 சென்டிமீட்டர் வந்தது. 6 மில்லிமீட்டருக்கு ஒரு தையல் எனில் எத்தனை தையல்? 80 என்று எழுதினார்கள். தைத்த பின் எண்ணினால் 74. ஆறு தையல் எங்கே போயிற்று என்பதற்கு நடந்த விவாதத்தில், வாய்பாட்டிற்கு வாய் திறவாத பிள்ளைகள் எல்லாம் பேசினார்கள். ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளோடு சமமாக அமர்ந்து தைத்தார்கள் என்பதைத் தனியே சொல்லவேண்டியிருக்கின்றது.

1937இல் காந்தியடிகள் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வித் திட்டம், பிள்ளைகளின் கைவேலை விற்பனையாகிப் பள்ளிச் செலவைத் தாங்கவேண்டும் என்று எதிர்பார்த்தது. அந்தப் பகுதியை நான் ஏற்பதில்லை. எங்கள் யானை விற்பனைக்கு அன்று. விலை வைத்த அன்றே அது திண்ணை வேலையாகிவிடும்.

இந்த யானைக்கு ஒரு முன்னோடி உண்டு. ஜெர்மனியில் கீங்கன் என்னும் ஊரில் 1847இல் பிறந்த மார்கரெட் ஸ்டைஃப், குழந்தைப் பருவத்திலேயே இளம்பிள்ளை வாதத்தால் இரு கால்களும் செயலிழந்தவர், வலக்கையும் வலுவற்றது. தையற்காரியாகிப் பிழைத்த அவர், 1880இல் ஊசி குத்திவைக்கும் சிறு மெத்தையாக ஃபெல்ட்டில் யானை தைத்தார். பெரியவர்கள் ஊசி குத்துவதற்கு முன் குழந்தைகள் அதனைப் பறித்துக்கொண்டு விளையாடினார்கள். அதிலிருந்து உலகறிந்த பொம்மை நிறுவனம் ஒன்று வளர்ந்தது.

இனி, சற்றே கசப்பான செய்தி. எங்கள் வகுப்பில் ஒரு சிறுமி எல்லோருக்கும் முன்னால் தைத்து முடித்தாள். தையல் அத்தனை சீர். முடிச்சிடவும் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தாள். எங்கே பயின்றாய் என்றேன். மாலையில் அம்மாவோடு அப்பர் தைக்கின்றாளாம். பதினான்கு வயதிற்குட்பட்டோரை வேலைக்கமர்த்துவதை 2016இல் திருத்தப்பட்ட சட்டம் முற்றிலும் தடுக்கின்றது. ஆயினும், பள்ளி நேரத்திற்குப் பின்னும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று அதே சட்டம் ஒரு வாசலைத் திறந்துவைத்திருக்கின்றது. அப்பர் தைப்பது குடும்பத் தொழிலா? தோல் கம்பெனியுடையது, அளவும் கெடுவும் கம்பெனி சொல்வது, குடும்பத்திற்குரியது பிள்ளையின் விரல் மட்டுமே. அந்தத் தாயாரைச் சந்தித்தேன். "அவள் கையும் சேர்ந்தால்தான் ஐயா, கெடுவுக்குள் முடிகிறது" என்றார். அவரைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை.

எனவே, சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். மாலை வகுப்பை ஆறு மணிமுதல் எட்டு மணிவரை வையுங்கள். பிள்ளைகள் திண்ணையில் ஊசி பிடிக்கும் நேரம் அதுதான். வாரத்தில் ஒருநாள் பொம்மை தைக்கட்டும். மற்ற நாள்களில் ஆங்கிலமும் கணக்கும் நடக்கட்டும். ஜோடி குறைந்து கெடு தவறும் வீடுகளுக்குச் சங்க நிதியிலிருந்து என்ன செய்ய இயலும் என்பதையும் நிர்வாகக் குழு ஆராயவேண்டும். அதற்கு விடை காணாமல் வகுப்பு மட்டும் நடத்தினால் வரவேண்டிய பிள்ளை வராது.

பாடம் நடத்த முன்வரும் இளைஞர்கள், முதலில் தாங்களே ஓர் யானை தைத்துப் பார்த்துவிட்டு வரவேண்டும். கொடுத்த ஊசிகளை எண்ணித் திரும்பப் பெறவேண்டும். மாதிரிக் காகிதம் பத்துப் படிகள் கொண்டுவந்திருக்கின்றேன். வேண்டுவோர் கூட்டம் முடிந்ததும் பெற்றுக்கொள்ளலாம்.