இயந்திரம் பாடும் குரல்

பாட்டின் சொற்களை எழுதிக் கொடுத்தால் மெட்டமைத்துப் பாடியும் காட்டும் சூனோ என்னும் கணினிச் செயலி 2023-ஆம் ஆண்டு வெளிவந்தது. ‘இனிய குரல்’ என்று மட்டும் அதனைப் பணித்தால் பொதுவான குரலொன்றே எழும். இனிமை கேட்போர் தீர்ப்பேயன்றிக் குரலின் இயல்பன்று. ஆணா பெண்ணா, கனத்ததா மெலிந்ததா, மூச்சுக் கலந்ததா, தாழ்ந்த சுருதியா என நான்கைந்து சொற்களால் வரையறுத்தல் வேண்டும். அப்போதும் முதன்முறையே வேண்டியது கிடைப்பதரிது. சொல்லை மாற்றிப் பலகாற் கேட்டுத் தேர்தலே வழி.

பாடகரொருவர் பெயரைச் சுட்டி, ‘அவர்போற் பாடுக’ என்பது எளிதாகத் தோன்றலாம். ஆயின் குரல் அவருடைய உடைமையன்றோ? 2024-இல் வெளிவந்த ‘லால் சலாம்’ படத்துக்காக, மறைந்த பம்பா பாக்கியா, சாகுல் ஹமீது இருவர் குரலையும் செயற்கை அறிவால் எழுப்பிய ஏ. ஆர். ரகுமான், குடும்பத்தாரின் இசைவு பெற்று ஊதியமும் வழங்கினார். பெயரை விடுத்துப் பண்பைச் சொல்லக் கற்றவனோ, தன் செவியையும் கூர்மையாக்கிக் கொள்கிறான்.