முனியறைக்கு யார் காவல்?

கல்பாத்தியில் அறக்கட்டளைப் பேச்சு என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் இலட்சுமியம்மாள். காசியிலிருந்து பாணலிங்கம் கொண்டுவந்து, 1,320 பொற்காசுகளைப் பாலக்காட்டு மன்னர் இட்டிக்கோம்பி அச்சனிடம் ஒப்படைத்து, விசுவநாத சுவாமி கோயில் எழக் காரணமானவர் என்று கோயில் வரலாறு சொல்கிறது. ஆண்டு 1425 என்பார்கள். அன்றிலிருந்து அந்தக் கல்லுக்கு ஆள் உண்டு: விளக்கேற்ற ஒருவர், மணியடிக்க ஒருவர், செருப்போடு படியேறினால் “கழட்டிட்டு வாடா” என்று அதட்ட ஒரு பாட்டி.

ஐப்பசித் தேருக்கு இங்கே கூடும் கூட்டத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். 2024இல் அதற்காகப் பாலக்காடு இடைத்தேர்தலையே நவம்பர் 13இலிருந்து 20க்குத் தள்ளிவைத்தார்கள். தேருக்கு மறுநாள் தெருவில் கிடக்கும் குப்பையைப் பற்றி நகராட்சியோடு சண்டை போடலாம். அதற்கு நியாயமும் உண்டு. ஆனால் பாட்டி பார்த்துக்கொண்டிருக்கும்போது கோயில் சுவரில் தன் பெயரைக் கீற எந்தப் பையனுக்கும் துணிச்சல் வராது.

இதே கேரளத்தில், இதே தமிழ் பேசும் இன்னொரு ஊர் இடுக்கி மலையில் இருக்கிறது. மறையூர். கோவில்கடவுக்கு மேலே, பாம்பாறு ஓடும் பள்ளத்தைப் பார்த்தபடி, பாறைமேல் முனியறைகள் நிற்கின்றன. இறந்தவர்களுக்காகப் பெருங்கற்கால மக்கள் எழுப்பியவை. முனிவர்கள் தவமிருந்தார்கள், பாண்டவர்கள் ஒளிந்திருந்தார்கள் என்று ஊரில் கதை உண்டு. கதை இருக்கிறது, வழிபாடு இல்லை. அதட்டப் பாட்டியும் இல்லை.

ஒரு முனியறை எப்படி நிற்கிறது என்று பாருங்கள். பக்கங்களில் பலகைக் கற்கள், மேலே ஒரு மூடுகல். சாந்து கிடையாது, சுண்ணாம்பு கிடையாது. பாரமும் சாய்மானமும்தான் எல்லாவற்றையும் பிடித்து நிறுத்துகின்றன. படம் எடுக்க நாலு பேர் மூடுகல்லின் ஓரத்தில் ஏறி நின்றால் பாரம் ஒரு பக்கமாகச் சாயும். அடியில் அண்டை கொடுத்த சிறு கல்லை அடுப்புக்கு எடுத்தால் பலகை நழுவும். ஒரு பலகை விழுந்துவிட்டால் மற்றவையும் ஆட்டம் காணும். புதையல் இருக்கும் என்று உள்ளே தோண்டுகிறவர்கள் தனி. மறையூர்ப் பக்கத்துப் பாறை ஓவியங்களுக்கு வேறு ஆபத்து: கேமராவில் நிறம் பளிச்சென்று விழ வேண்டும் என்று தண்ணீர் தெளிப்பது. அது காயும்போது பாறையின் உப்பு மேலே வந்து ஓவியத்தின்மேல் வெள்ளையாகப் படியும். தெளித்தவருக்கு இது தெரியாது. சொல்ல அங்கே ஆளும் இல்லை.

பூட்டிவிடலாமே என்பார்கள். பிரான்சின் லாஸ்கோ குகையை 1963இல் பூட்டினார்கள். பார்வையாளர்களின் மூச்சே ஓவியங்களைக் கெடுத்ததால் வேறு வழியில்லை. திறந்த மலைக்குப் பூட்டு எங்கே போடுவது? டிக்கெட் வைக்கலாம் என்பது அடுத்த யோசனை. 2019 அக்டோபரில் மோதியும் சீ சின்பிங்கும் மாமல்லபுரத்தில் சந்தித்தார்கள்; அதையடுத்து வெண்ணெய் உருண்டைப் பாறைக்கும் கட்டணம் வந்தது. காசு கொடுத்தவனுக்குப் பாறையைத் தள்ளுவதுபோலப் படம் எடுக்கும் உரிமையும் சேர்ந்து வந்துவிட்டதாக ஒரு நினைப்பு. கட்டணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; அது காவல் ஆகாது என்கிறேன்.

எனக்குப் பிடித்த முன்மாதிரி, வேடிக்கையாக, இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச். 1915இல் செசில் சப் என்பவர் அதை 6,600 பவுண்டுக்கு ஏலத்தில் எடுத்தார். 1918இல் நாட்டுக்குத் தானமாகக் கொடுத்துவிட்டார். கட்டணம் ஒரு ஷில்லிங்கைத் தாண்டக் கூடாது என்று நிபந்தனையும் வைத்தார். சுற்றுவட்டார மக்களுக்கு இலவச அனுமதியும் ஏற்பட்டது. ஷில்லிங் கணக்கு காற்றில் போயிற்று. 1970களின் பிற்பகுதியில் கூட்டம் தாங்காமல் கற்களைச் சுற்றிக் கயிறும் கட்டினார்கள். அக்கம்பக்கத்தாரின் இலவச உரிமை மட்டும் இன்றும் நிற்கிறது. நம் தேவஸ்தானங்களில் ‘ஊர்க்காரர்’ என்ற சொல்லுக்கு உள்ள அந்தஸ்து அதுதான்.

மறையூரில் அந்த அந்தஸ்து பழங்குடிகளான முதுவர்களுக்கும் மலைப்புலையர்களுக்கும் கோவில்கடவு விவசாயிகளுக்கும் உரியது. பக்கத்துச் சின்னாறு சரணாலயத்தில், ஆலாம்பெட்டியின் முனியறைகளையும் பாறை ஓவியங்களையும் பார்க்க வனத்துறை ஏற்பாட்டில் பழங்குடி வழிகாட்டியோடுதான் போக வேண்டும். சிறு குழுவாக நடக்கிறார்கள். ‘ஏறாதே’ என்று சொல்ல உடனிருப்பவருக்கு அதிகாரம் இருக்கிறது, அதற்குச் சம்பளமும் இருக்கிறது. இதே ஏற்பாட்டைச் சரணாலய எல்லைக்கு வெளியே நிற்கும் முனியறைகளுக்கும் நீட்ட வேண்டும். நாளுக்கு எத்தனை பேர் என்பதைச் சுற்றுலாத் துறையின் இலக்கு தீர்மானிக்கக் கூடாது. தொல்லியல் துறை கல்லின் நிலையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் ஆள் வராதபோதும் வழிகாட்டிக்குச் சம்பளம் போக வேண்டும். இல்லையென்றால் அவர் கரும்புக் காட்டு வேலைக்குப் போய்விடுவார். கல் மறுபடி தனியாகிவிடும்.

இதற்கு ஒரு கெடு இருக்கிறது: மூணாற்று மலைகளில் 2018இல் பூத்த நீலக்குறிஞ்சி 2030இல் மீண்டும் பூக்க வேண்டும். அதைப் பார்க்க வருபவர்களால் மூணாறு நிரம்பி வழியும். உடுமலைப்பேட்டை வழியாக வரும் வண்டிகள் மறையூரில்தான் முதலில் நிற்கும். வழிகாட்டிகளைத் தேர்ந்து, பழக்கி, சம்பளத்துக்கு வழி செய்ய நமக்கு உள்ள அவகாசம் அதுவரைதான். இந்த அறக்கட்டளையின் வட்டியில் ஒரு பங்கை முதல் வழிகாட்டியின் சம்பளத்துக்கு ஒதுக்க முடியுமா என்று பொறுப்பாளர்களை இந்த மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன்.